அச்சுக்கு முன்னால் ஒரு குரல்

அயர்லாந்தின் பழம்பாடல் ஒன்றுக்கு வாத்திய இசை அமைப்பவர் பெரும்பாலும் அச்சிட்ட சுரக்குறிப்பைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். அப்படியல்ல, அதைப் பாடிய ஒருவரின் குரலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. அச்சு என்ன செய்யும் என்பதற்கு எட்வர்ட் பன்டிங் நல்ல சாட்சி. 1792இல் பெல்ஃபாஸ்ட்டில் கூடிய ஹார்ப் கலைஞர்கள் வாசித்ததை நேரில் கேட்டுக் குறித்துக்கொண்டவர் அவர். ஆனால் 1796 முதல் வெளியிட்ட தொகுதிகளில் மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்றபடி திருத்திவிட்டார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகளையும் நூலையும் ஒப்பிட்டால் திருத்தம் பளிச்சென்று தெரியும். வரவேற்பறைகளுக்கு உகந்த இசை கிடைத்தது. வாசித்தவர்களின் கைவாகு காணாமல் போனது.

குரலிலிருந்து தொடங்கியதற்குக் கார்க் மாவட்டத்துக் குடும்பம் ஒன்று சான்று. பெஸ் குரோனின் (1879–1956) பாடியதை ஆலன் லோமாக்ஸ் போன்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்கள் ஒலிப்பதிவு செய்தார்கள். பேரன் டாஹி ஓ குரோனின் அப்பாடல்களைத் தொகுத்து, 2000இல் ஒலித்தட்டுகளோடு நூலாக்கினார். ‘த குளோமிங்’ குழுவில் பியானோ, ஃபிடில், கிட்டார் நடுவே பாடிய இயர்லா ஓ லினார்டுக்கும் பெஸ் பாட்டி முறைதான். இவர்களுடைய ஷான்-நோஸ் என்னும் பழைய பாடும் பாணிக்கு மரபுப்படி பக்கவாத்தியம் கிடையாது, தாளம் தளர்ந்திருக்கும், சரணத்துக்குச் சரணம் அசைவுகள் மாறும். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரம், சிலர் பாடும்போது பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். எனவே காந்தாரத்தைத் தொடாமல் ஸட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் தம்புராபோல் ஒலிக்கவிடுவது புத்திசாலித்தனம். புசூக்கி என்னும் கிரேக்கத் தந்தி வாத்தியத்தின் சுருதியை அயர்லாந்துக் கலைஞர்கள் மாற்றிக்கொண்டதும் இத்தகைய வெற்று ஒலிக்கு வசதியாயிற்று.

பக்கவாத்தியமே இல்லாத பாணிக்கு எதைச் சேர்த்தாலும் கேடுதானே என்பார்கள். தூய்மைவாதிகளின் இந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் கெடுப்பது வாத்தியமல்ல, பாடகரின் மூச்சுக்குக் காத்திராத தாளம். ஒரே பாட்டியின் குரலைப் பிடித்துக்கொண்டால் பாட்டு அருங்காட்சியகப் பொருளாகிவிடாதா என்றும் கேட்கலாம். பாடும்போதே மாற்றுவதுதான் அந்தப் பாணி என்பதால், அவரைப் பின்பற்றுகிறவருக்கும் மாற்றும் உரிமை வந்துவிடுகிறது. இரத்த உறவு தனித் தகுதியா என்றால், இல்லை. பதிவுகள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. எந்த இடத்தில் சொல் நீளும், எங்கே அறுபடும் என்பது வீட்டுக்குள் வளர்ந்த காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். வெளியார் நெடுநாள் கேட்க வேண்டும், அவ்வளவே. தாளக்கட்டோடு ஓடும் வேகமான கதைப்பாடல்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. அங்கே அச்சுக் குறிப்பே பெரும்பாலும் போதும்.