மின்னிசையிற் பழமை

பொறியிற் பிறக்கும் இசைக்கு உயிர் உண்டோ என்னும் வினா மேனாட்டாரிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. அவ்வினாவை மீண்டும் எழுப்பியது, 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'றாண்டம் அக்செஸ் மெமரீஸ்' என்னும் இசைத்தொகுப்பு. அதனை ஆக்கியோர் தொமா பங்கல்தேர், கீ மனுவேல் த ஒமெம் கிறிஸ்தோ என்னும் பிரெஞ்சுக் கலைஞர் இருவர். 'டாஃப்ட் பங்க்' என உலகறிந்த இவ்விருவரும் இயந்திர மனிதரின் தலைக்கவசம் அணிந்து மேடையேறியவர்; பிறர் இசைத்தட்டுகளினின்றும் வெட்டியெடுத்த ஒலித்துணுக்குகளைக் கொண்டு நடன இசை அமைத்துப் புகழ்பெற்றவர். அத்தகையோர் இத்தொகுப்பில் அத்துணுக்குகளைப் பெரும்பாலுங் கைவிட்டு, 1970களின் ஓசையை நாடி, கித்தாருக்கு நைல் றொஜர்சையும் முரசுக்கு ஓமர் ஹக்கிமையும் அழைத்து நேரில் வாசிக்கச் செய்தனர்.

இதன் பொருள் விளங்க 1977 ஆம் ஆண்டிற்குச் செல்லல் வேண்டும். ஜேர்மனியின் மியூனிக் நகரில் இத்தாலியரான ஜோர்ஜோ மொறோடரும் ஆங்கிலேயரான பீற் பெலொற்றும் அமெரிக்கப் பாடகி டொனா சமருக்காக அமைத்த 'ஐ றிமெம்பர் யெஸ்ரடே' என்னும் இசைத்தட்டு அவ்வாண்டில் வெளியாயிற்று. கழிந்த காலத்து இசைப்பாங்குகளை நினைவூட்டிய அத்தட்டின் இறுதிப் பாடலாகிய 'ஐ ஃபீல் லவ்' மட்டும் வருங்காலத்தைக் காட்டுதற்கென்றே இயற்றப்பட்டது. அதன் ஓசை 'மோக்' என்னும் மின்னொலிப் பொறியிற் பிறந்தது.

மின்னழுத்தம் ஏற ஏறச் சுருதியும் ஏறுவது அப்பொறியின் இயல்பு. ஆனால் வெப்பம் மாறினாலும் அதன் சுருதி விலகிவிடும். மிருதங்கம் பழகியோர்க்கு இத்தொல்லை புதிதன்று. ஆதலாற் சிறிது நேரம் பதிவதும், நிறுத்திச் சுருதி சேர்ப்பதும், மீண்டும் பதிவதுமாக வேலை நடந்தது. துண்டு துண்டாகப் பதிந்தவை தாளம் பிசகாது பொருந்துதற்காக, நாடாவில் ஒரு குறிப்பொலியை முன்னரே பதித்துப் பொறியை அதனோடு இணைக்கும் வழியை றொபி வேடெல் என்பார் காட்டினார். ஆயினும் பெருமுரசின் அழுத்தம் பொறியிற் போதியவாறு கிட்டவில்லை; அதனைக் கீத் போர்சி என்னுங் கலைஞர் தம் காலால் மிதித்தே வாசித்தார். பொறியிசைக்குப் பெருஞ்சான்றெனப் போற்றப்படும் பாடலின் நாடித்துடிப்பு மனிதன் காலிற் பிறந்ததென்பதைப் பலர் அறியார்.

2013 ஆம் ஆண்டுத் தொகுப்பில் மொறோடர் பாடவில்லை, வாசிக்கவும் இல்லை, பேசுகின்றார். ஒன்பது நிமிடம் நீளும் ஓர் உருப்படியில், தம் இளமையையும் அக்குறிப்பொலியின் கதையையும் அவர் கூற, பின்னணியில் இசை எழுகின்றது. அவர் பேச்சைப் பதிதற்கு வெவ்வேறு காலத்து ஒலிவாங்கிகளை வைத்திருந்தனர். இவ்வேறுபாட்டைக் கேட்போர் செவி உணருமோ என்பது ஐயமே. எனினும், பழைய ஓசையை நாடுவோர் அதன் புறத்தோற்றத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும் இந்நாளில், அது பிறந்த கருவியையும் வாசித்த கையையும் தேடிச்சென்றமை பாராட்டத்தக்கது. தொகுப்பின் சில உருப்படிகள் வேண்டிய அளவினும் நீண்டு சோர்வு தருவனவே.

2014 ஆம் ஆண்டுக் கிறாமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்பென இது பரிசு பெற்றது. 2021 இல் இருவரும் தம் கூட்டைக் கலைத்தனர். 2023 இல் இதே தொகுப்பு, முரசொலி முற்றும் நீக்கப்பெற்று மறுபடியும் வெளிவந்தது. ஹக்கிமின் கை எங்கெங்கே இருந்ததென்பதை அப்பதிப்பைக் கேட்போர் அதன் இன்மையால் அறிவர்.