கல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மாணவர்களே, கொடுமுடியில் கரூர் செல்லும் ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் புகளூர் வந்துவிடும். அதனருகே ஆறுநாட்டார்மலை என்றொரு குன்று இருக்கிறது. அங்கே சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளின் பக்கத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்றைக் காணலாம். வயது சுமார் 1,800 ஆண்டுகள்.

அது கூறும் செய்தி சிறியது. ஆதன் செல்லிரும்பொறை என்ற சேர மன்னன். அவன் மகன் பெருங்கடுங்கோன். அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது செங்காயபன் என்ற முனிவருக்கு இந்த உறைவிடம் அமைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

இனிப் பதிற்றுப்பத்தைப் பாருங்கள். ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. கல்வெட்டின் மூவரும் இவர்களே என்று ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் கருதினார்கள். சங்க நூலின் அரசர்கள் வெறும் கற்பனை அல்லர் என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால், "பாட்டில் உள்ளதெல்லாம் மெய்ப்பிக்கப்பட்டது" என்று துள்ளிக் குதிக்கலாமா? பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை. ஒன்பதாம் பத்தின் பதிகம் இளஞ்சேரலின் தந்தை குட்டுவன் இரும்பொறை என்கிறது. கல்வெட்டில் தந்தை பெருங்கடுங்கோன். பதிகங்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெருஞ்சேரல் தகடூரை வென்றதைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. அதனால் அந்தப் போர் பொய்யாகிவிடாது. இந்தக் கல் அதற்குச் சாட்சி அல்ல, அவ்வளவே.

"கார்பன்-14 முறையால் தீர்த்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். அகழ்வில் கிடைக்கும் கரித்துண்டில் அது எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று அளந்தால், மரம் எப்போது உயிரிழந்தது என்று தெரியும். தீ மூட்டியவர் பெயர் தெரியாது. பாறையில் வெட்டிய எழுத்துக்கோ இம்முறை பயன்படாது; எழுத்தின் வடிவத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கிறார்கள்.

பைபிளுக்கும் இதே அளவுகோல்தான். 1993-இல் வட இஸ்ரேலின் தேல் தாண் என்னுமிடத்தில் கிடைத்த உடைந்த கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற தொடரை அறிஞர்கள் படித்தார்கள். தாவீதின் பெயரால் ஓர் அரச மரபு இருந்ததை அது காட்டுகிறது. கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய கதையைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். கல்லில் உள்ளதை ஒன்றில் எழுதுங்கள். ஊரார் சொல்வதை மற்றொன்றில் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.