பழைய பேழையிலிருந்து புதிய பேழைக்கு

ஏட்டுச்சுவடி பழுதுறுங்காலத்து அதனைப் புத்தேட்டிற் பெயர்த்தெழுதி, மூலத்தோடு ஒப்புநோக்கி வைத்தல் தமிழரின் பண்டை வழக்கம். ஓலையைக் கறையானும் ஈரமும் அழிக்கும். பெயர்த்தெழுதப்பெற்ற நூல்கள் வாழ்ந்தன; ஏனையவற்றுட் பல மறைந்தன. அத்தொழில் இன்று வீடுகளிலே வேறோர் உருவில் நடைபெறுகின்றது.

வீட்டின் மூலையொன்றில் ஓயாது இயங்கும் சிறுபெட்டி ஒன்று. அதற்குள்ளே திருமண ஒளிப்பதிவுகள், மறைந்த பெற்றோரின் குரல், காணி உறுதிகளின் படங்கள். வீட்டிலுள்ளார் அனைவரும் தத்தம் கணினியிலிருந்து இவற்றைப் பெறுவர். இப்பெட்டியே சேமிப்புச் சேவையகம் எனப்படுவது. இதன் உயிர்நிலை வன்தட்டு. 1956 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, 50 பெருந்தட்டுகளைக் கொண்டும் ஏறக்குறைய 5 மெகாபைட்டையே தாங்கிற்று. இன்று கையிலடங்கும் தட்டொன்று 4 டெராபைட்டைத் தாங்கும். அஃதாவது எட்டு இலட்சம் மடங்கு. கொள்ளளவு பெருகியதேயன்றித் தட்டு சாவாவரம் பெற்றிலது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் எப்பொருளும் ஒருநாள் தேய்ந்தே தீரும். ஆதலின், பெட்டியை மாற்றவேண்டிய காலம் எவ்வீட்டுக்கும் வரும்.

இம்மாற்றத்தில் முதலில் வேண்டுவது தனிப்பிரதி. பல பெட்டிகளில் இரு தட்டுகள் ஒன்றையொன்று கண்ணாடிபோற் பின்பற்றும். ஒன்று கெட்டால் மற்றது உதவும். ஆயினும் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அக்கணமே இரண்டிலும் அது அழியும். எனவே கண்ணாடித் தட்டு காப்புப் பிரதியாகாது. மேலும், முதிர்ந்த தட்டை மணிக்கணக்காக இடையறாது வாசிக்கும் வேளையிலேயே அது முறிந்துபோதலும் உண்டு. மீட்டற்கரிய கோப்புகளை முதலில் வேறிடத்தில் எடுத்துவைத்தலே அறிவுடைமை.

அடுத்தது பெயர்த்தல். கோப்புகளை ‘நகர்த்த’லாகாது, ‘பிரதி’ செய்தலே வேண்டும். நகர்த்தினால் இடையில் மின்சாரம் தடைப்படும்போது எது எங்குளது என்ற மயக்கம் நேரும். வீட்டு வலையமைப்பின் வழக்கமான வேகம் செக்கனுக்கு 110 மெகாபைட்டளவு. 4 டெராபைட்டைக் கடத்தப் பத்து மணிநேரம் செல்லும். சிறுகோப்புகள் மிகுதியாயின் இன்னும் நீளும். 1996 இல் வெளிவந்த ‘ஆர்சிங்க்’ என்னும் மென்பொருள் இதற்கு ஏற்றது. இடையில் நின்றாலும் மீண்டும் இயக்குங்கால், சென்றவற்றை விடுத்து எஞ்சியவற்றையே அனுப்பும். உரிய கட்டளை கொடுத்தால் கோப்புகளின் பழைய திகதியையும் காக்கும். அன்றேல் பாட்டனாரின் படமும் இன்று பிறந்ததாகக் காட்டும்.

மூன்றாவது ஒப்புநோக்கல். ஒவ்வொரு கோப்புக்கும் ‘சா-256’ என்னும் கணிப்புமுறை 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தைத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அடையாளம் முற்றாக மாறும். இரு பெட்டிகளிலும் அடையாளங்கள் ஒத்திருப்பின் பிரதி செம்மையானது. எனினும், தமிழ் வீடுகளுக்கு மேலுமொரு கவனம் வேண்டும். பாமினி எழுத்துருவில் முன்னர்த் தட்டெழுதிய கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். பிரதியிற் பிழையில்லை, படிக்கத்தான் இயலாது. எழுத்துருவையும் உடன் காத்தல் வேண்டும். அன்றேல் கடிதங்களை யூனிக்கோட்டுக்கு மாற்றுதல் வேண்டும்.

இவற்றைப் புறக்கணித்தால் விளைவு யாது? அமெரிக்காவின் மைஸ்பேஸ் இணையத்தளம், சேவையக மாற்றத்தின் விளைவாக, மூன்றாண்டுகளுக்கு முற்பட்ட படங்களும் பாடல்களும் கிடையாமற் போயிருக்கலாம் என 2019 இல் அறிவித்தது. பெருநிறுவனத்துக்கே இக்கதியெனின், வீட்டுப்பெட்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆகவே, ஒப்புநோக்கிய பின்னரும் பழைய பெட்டியைச் சில மாதங்கள் தீண்டாது வைத்தல் நன்று. ஒரு பிரதி வேறு வீட்டில் இருத்தலும் அவசியம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதி இருந்தவை மீண்டும் தேடிப் பெறப்படலாயின. பிரதி இல்லாத சுவடிகள் என்றென்றைக்குமாய் மறைந்தன. ஓரிடத்தில் மாத்திரம் உள்ள செல்வம் பாதி இழந்த செல்வமே.