ஏறலாம், இறங்கலாம்; பீரோவை இறக்க முடியுமா?

ஸ்ரீமுஷ்ணம் மாதிரியான பழைய கோயில் ஊர்களில் மனை அகலம் குறைவு, நீளம் அதிகம். அப்பா கட்டிய தளத்தின் மேல் மகன் ஒரு மாடி எடுப்பார். அறை, கழிப்பறை, சிட்அவுட் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியபின் படிக்கட்டு நினைவுக்கு வரும். வெல்டிங் பட்டறையிலிருந்து இரும்புச் சுருள் படி ஒன்று வந்து வாசல் ஓரத்தில் நிற்கும்.

இடம் மிச்சமாகிறது, மறுப்பதற்கில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் (2016) கணக்கில் வீட்டுப் படி 1 மீட்டர் அகலம் வேண்டும். மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஏற்றம் 190 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒரே வீச்சில் 15 ஏற்றத்துக்கு மேல் போகக் கூடாது. 3 மீட்டர் உயரத்துக்கு 16 ஏற்றம் வருவதால் நடுவில் லேண்டிங் கட்டாயம். லேண்டிங்கில் எதிர்ப்பக்கம் திரும்பும் ‘டாக் லெக்’ படியாகப் போட்டால் சுமார் 59 சதுர அடியை விழுங்கிவிடும். 1.5 மீட்டர் விட்டமுள்ள சுருள் படிக்கு 25 சதுர அடி போதும்.

அதே தொகுப்பு சுருள் படியை முழுக்கத் தள்ளிவிடவில்லை. கொஞ்சம் பேர் புழங்கும், 9 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்கு விடுகிறது. தீயில் தப்பிக்கும் வழி என்றால் விட்டம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவின் வீட்டு விதி இன்னும் தாராளம்: 26 அங்குல அகலமும் 9½ அங்குல ஏற்றமும் அங்கே செல்லும். ஆனால் ஒன்றில் பிடிவாதம் உண்டு. ஒடுங்கிய முனையிலிருந்து 12 அங்குலம் தள்ளி, கால் விழுகிற இடத்தில், மிதி 6¾ அங்குலமாவது (171 மி.மீ.) இருக்க வேண்டும்.

நம் 1.5 மீட்டர் படியை இதில் வைத்துப் பாருங்கள். நடுக் கம்பம் 10 செ.மீ. என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு 12 படி வைக்கும்போது அந்த இடத்தில் சுமார் 185 மி.மீ. கிடைக்கிறது. ஏறச் சுலபமாக இருக்கட்டும் என்று பட்டறைக்காரர் 16 படி வைத்தால் 140கூடத் தேறாது. இறங்கும்போது குதிகால் மட்டும்தான் படியில் நிற்கும். தலை இடிப்பதும் இதே கணக்குதான். 12 படி, 190 ஏற்றம் என்றால் ஒரு சுற்றுக்கு 2.28 மீட்டர். ஏற்றத்தை 170 ஆக்கினால் 2.04; விதி கேட்கும் 2.2 மீட்டர் போய்விட்டது.

மொட்டை மாடித் தொட்டிக்குப் போக இது தாராளம். குடும்பம் குடியிருக்கும் மாடிக்கு ஒரே வழியாக இதை வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பீரோவைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றிவிடலாம். நெஞ்சுவலி வந்த மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்குவது எப்படி? கம்பத்தைச் சுற்றி ஒருவரே திரும்பக் கஷ்டப்படும் இடம் அது. வாடகைக்கு விடுகிறவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

சாதாரணப் படியின் திருப்பத்தில் லேண்டிங்கை விட்டுவிட்டு முக்கோணப் படி போடும் பழக்கமும் உண்டு. உட்புற மூலை ஊசியாகிவிடும். அமெரிக்க விதி அந்த மூலையிலும் 6 அங்குலம் கேட்கிறது. கைப்பிடி வெளிப்பக்கச் சுவரில் இருந்தால் ஆட்கள் அகலமான பக்கமாக நடப்பார்கள்.

இனி டைல்ஸ். சென்டரிங் போடும்போது மேஸ்திரி எல்லா ஏற்றத்தையும் 170 என்று சரியாகத்தான் அடித்திருப்பார். பிறகு கீழ்த்தரையும் மாடித்தரையும் கலவை, டைல்ஸ் சேர்ந்து 60 மி.மீ. உயரும், படிக்கு 25 மி.மீ. கிரானைட் மட்டும். முதல் ஏற்றம் 135 ஆகிவிடும், கடைசி 205. இடையில் எல்லாம் 170. நம் கால் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும். அதனால் கடைசிப் படியில்தான் தட்டும். அமெரிக்க விதி படிக்குப் படி 3/8 அங்குலத்துக்கு, அதாவது 10 மி.மீ.க்கு, மேல் வித்தியாசம் கூடாது என்பது இதனால்தான். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்திலுள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர், இந்தப் பக்கத்தாருக்குப் பளபளப்பின் மேல் ஆசை இருப்பது இயல்பு. ஈரக்கால் படுகிற மிதியில் மட்டும் சொரசொரப்பான கல்லே இருக்கட்டும்.

படி எண்ணிக்கை ஒற்றைப்படையில் வருகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டைல்ஸுக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்க வேண்டியது சென்டரிங் பலகை அடிக்கும் முன்பு. கான்கிரீட் போட்டபின் கேட்டால் கொத்தித்தான் சரிசெய்ய வேண்டும்.