உங்களுக்குத் தெரியுமா? பால் டின் அளவும் தோட்டா மருந்தும்

பேராக் ரப்பர் தோட்ட லயங்களில் அரிசி அளக்கப் பால் டின் போதும். ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் சோறு சோறுதான். சுட்டு முடித்த தோட்டாவில் மறுபடி வெடிமருந்து நிரப்பும் பழக்கம் உள்ள நாடுகளிலும் இப்படிக் கைவேலை அளவு உண்டு: பழைய பித்தளைத் தோட்டாக்கூட்டில் கம்பிப் பிடி வைத்த சின்னக் கரண்டி.

ஆபத்து அங்கேதான். கரண்டி கொள்ளளவைத்தான் காட்டும், எடையைக் காட்டாது. ஒரு மருந்துக்குச் சரியான அளவு, அதைவிட வேகமாக எரியும் இன்னொரு மருந்துக்குத் துப்பாக்கியையே வெடிக்க வைக்கும். அதனால்தான் மருந்தைத் தராசில் நிறுக்கிறார்கள். அலகின் பெயர் கிரெயின், அதாவது தானிய மணி. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி!

மலேசியாவில் தோட்டா விளையாட்டுக் காரியமல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பேராக்கின் ரத்தக்கறை இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, சட்டவிரோத ஆயுதத்துக்குத் தூக்குத் தண்டனை வந்தது. தஞ்சைத் தமிழரான தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி மீது சாட்டப்பட்ட குற்றம், ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லை. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.