ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றலாமா?

ஓட்டைப் பானையில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? "ஊற்ற ஊற்ற ஒழுகத்தானே செய்யும்?" என்பீர்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டதும் பல வீடுகளில் தண்ணீரையும் பாலையும் நிறுத்திவிடுவது இதே கணக்கில்தான். கொடுத்தால் மேலும் போகிறது; நிறுத்தினால் குறைவதுபோல் தெரிகிறது. அக்கறை இல்லாமல் எடுத்த முடிவன்று இது; கண்ணால் கண்டதை மட்டும் நம்பி எடுத்த முடிவு.

ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கொடுப்பதை நிறுத்தினாலும் குடலிலிருந்து நீரும் உப்புகளும் வெளியேறுவது நிற்பதில்லை. இரத்தத்தில் நீர் குறைகிறது. வாய் உலர்கிறது, கண்கள் குழி விழுகின்றன, சிறுநீர் குறைகிறது. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இந்த நீரிழப்புதான்.

அப்படியானால் குடித்த நீர் உடலில் தங்குமா? தங்கும்! சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுகோஸையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே எடுத்துச் செல்லும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. காலரா நோயிலும்கூட இந்த வழி அடைபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் கொடுப்பது இதனால்தான்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்க அகதி முகாம்களில் காலரா பரவியது. போங்காவ் என்னும் ஊரில் பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலனாபிஸிடம் நரம்பில் ஏற்றும் சலைன் போதுமான அளவு இல்லை. உப்பு, குளுகோஸ், சமையல் சோடா கலந்த நீரைக் கொடுத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது.

அடுத்த பாடம் வங்கதேசத்திலிருந்தே வந்தது. 1980 முதல் 1990 வரை 'பிராக்' என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் சென்றார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் – இதுவே அவர்கள் கற்பித்த கலவை. தாய்மார்கள் நன்றாகவே மனப்பாடம் செய்தார்கள். ஆயினும் தொடக்கத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே!

காரணம் என்ன? சொல்லிக் கொடுத்த ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் முடிவெடுக்கும் ஆண்களிடம் யாரும் விளக்கவும் இல்லை. பிறகு ஊழியர்கள் கரைசலைத் தாமே பருகிக் காட்டினார்கள். கடைவீதியிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசினார்கள். பயன்பாடு உயர்ந்தது.

உங்கள் வீட்டில் குழந்தைக்கு நோய் வந்தால் முடிவெடுப்பவர் யார்? அம்மாவா, அப்பாவா, பாட்டியா? நோய் வருமுன்பே அவர்களிடம் இதைப் பேசுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம். உப்பு மிகக்கூடாது, மிகுந்தால் தீங்கு. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முதலில் கரைசலைக் கலந்து, நீங்களே ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள். பாட்டி கேட்பார்.