ராஜா தப்பு செய்தால் யார் கேட்பது?



நாம் தப்பு செய்தால் டீச்சர் கேட்பாங்க. வீட்டில் அம்மா கேட்பாங்க. ராஜாவே தப்பு செய்தால் யார் கேட்பது? இதற்கு இரண்டு கதைகளில் பதில் இருக்கிறது.

முதல் கதை பைபிளில், பழைய ஏற்பாட்டில் வருவது. கிறிஸ்துமஸ் லீவில் என் தோழியின் பாட்டி சொன்னாங்க. இஸ்ரவேல் நாட்டு ராஜா ஆகாப். அவர் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத் என்பவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. நம்ம சேத்தூர்ப் பக்கம் தாத்தா காலத்து மாந்தோப்பு மாதிரி, பரம்பரைச் சொத்து. காய்கறி போட அந்த இடம் வேண்டும் என்று ராஜா கேட்டார். நாபோத் தர மறுத்துவிட்டார். உடனே ராஜா சின்னப் பிள்ளை மாதிரி சாப்பிடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்! ராணி யேசபேல் ராஜா பேரில் கடிதம் எழுதி, முத்திரை போட்டு, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். இரண்டு பேர் பொய்ச்சாட்சி சொன்னார்கள். நாபோத்தைக் கல்லால் அடித்தே கொன்றுவிட்டார்கள். தோட்டத்தை எடுத்துக்கொள்ள ராஜா போனால், அங்கே எலியா தீர்க்கதரிசி வந்து நின்றார். கடவுள் சொல்லி அனுப்பியபடி, கொலையும் செய்து சொத்தையும் எடுத்தாயா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்.

இரண்டாவது கதை நமக்குத் தெரிந்ததுதான், சிலப்பதிகாரம். பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமலே கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். கண்ணகி சிலம்போடு வந்து நியாயம் கேட்டாள். அவள் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசி சிலம்பில் முத்துப் பரல். உண்மை தெரிந்ததும் பாண்டியன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டான்.

ஆகாபும் வருத்தப்பட்டுச் சாக்குத்துணி கட்டிக்கொண்டார். ஆனால் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக பைபிளில் இல்லை. பிறகு போரில் அம்பு பட்டு இறந்தார். எனக்குப் பாண்டியன் மேல்தான் மரியாதை வருகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தப்பு ராஜாவோடு நிற்கவில்லை. முத்திரையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்ட ஊர்ப் பெரியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. போன மாதம் நான் வகுப்புத் தலைவி. ஒருத்தி சொன்னதை நம்பி, பேசாத இன்னொருத்தி பேரை போர்டில் எழுதிவிட்டேன். ஒரு பீரியட் முழுக்க அவள் வெளியே நின்றாள். மத்தியானம் என்னிடம் வந்து, "நீ பாத்தியாடி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் அதிகாரம் ஒரு சாக்பீஸ் துண்டுதான். அதற்கே இப்படி! மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் என்னோடு சாப்பிட உட்கார்ந்தாள்.

இப்போது ராஜா இல்லை. பதவியில் இருக்கிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்க 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கடவுள் கேட்பார் என்கிறது பைபிள். அறம் கேட்கும் என்கிறது சிலம்பு. ஆனால் இரண்டு கதையிலும் ராஜா முன்னால் போய் நின்று கேட்டது ஒரு மனுஷர்தான்.

நாமும் கேட்போம். நம்மைக் கேட்டால் பதில் சொல்லவும் பழகுவோம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி